பெர்னதெத்துக்கு நான் போட்ட ஷூ

தம்பி,

உன் கடிதமும் அதோடு நீ வைத்து அனுப்பிய சிலைப் படமும் நேற்று மத்தியானம் தபாலில் வந்து சேர்ந்தன. கண்ணாடியைத் தேடி எடுத்து மூன்று தடவை படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நம் ஊர் மாதா கெபிக் குகையில் இருக்கும் பழைய சிமெண்ட் சிலைகளை எடுத்துவிட்டு, அம்மா நினைவாகப் புது ஃபைபர் சிலைகள் வைக்கப்போகிறாய். கீழே அவள் பேரைக் கல்லில் பதிக்கப்போகிறாய். பங்குச் சாமியாரிடம் பேசி அனுமதியும் வாங்கிவிட்டாய். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கும்பகோணத்திலிருந்து ஆட்கள் வந்து பழையதை உடைத்து அள்ளிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறாய், எனக்குத் தெரியாதா? செத்த தாயை இப்படி நினைக்கிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், மறைப்பானேன். ஆனால் தம்பி, அந்த உடைக்கிற ஆளை நிறுத்து. இப்போதே போன் பண்ணி நிறுத்திவிட்டு, அப்புறம் உட்கார்ந்து மிச்சத்தைப் படி.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். எஸ்.டி.டி. பூத்தில் நான் கத்த, கதவுக்கு வெளியே நாலு பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, முப்பது வருஷத்து வெட்கத்தை எப்படியடா சொல்வது? கை நடுங்குகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படி. ஒரு காலத்தில் இந்தக் கை குச்சியால் ஒரே இழுப்பில் கண்ணிமை போட்ட கை. இப்போது காபி டம்ளரைப் பிடித்தால் பாதி காபி வேட்டிக்குத்தான்.

அந்தச் சிலைகளைச் செய்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன்னைக் கேலி செய்தார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாதாவின் மூக்கு கொஞ்சம் கிளி மூக்குதான், ஒப்புக்கொள்கிறேன். அது முதல் நாள் வைத்த மூக்கு, சிமெண்ட் இறுகிவிட்டது, அப்புறம் மாதாவே வந்து சொன்னாலும் மாற்ற முடியாது. அதற்கு யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. சிரித்ததெல்லாம் முன்னால் முழங்காலிட்டிருக்கும் பெர்னதெத்தைப் பார்த்துத்தான். உடம்பு ஒல்லிப் பெண்ணுக்கு, கால் இரண்டும் உரல் மாதிரி. "ஆனக்கால் பெர்னதெத்து" என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. நீ இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்தவன், கெபியில் குனிந்து அந்த ஷூவை விரலால் தட்டிப் பார்த்தாய். "டொக்கு டொக்குன்னு கேக்குதுப்பா. பூச்சு புடிக்கவே இல்ல. இப்புடியா வேல செய்யுறது?" என்றாய். புதுசாகப் படித்த திமிர் உனக்கு. உன் அம்மா பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்ன என்றுதான் இப்போது எழுதப்போகிறேன்.

உனக்கு எட்டு மாதம் நடக்கும்போது கெபி வேலை ஆரம்பித்தது. நம் ஊர் நிலத்தில் பாதிக்குமேல் வைத்திருந்த மிராசுதார் நம் கோயில்காரர்தான், முதல் பெஞ்சில் உட்காருகிறவர். அவர் சம்சாரத்துக்கு ஏதோ நோய் வந்து தேறியதில், லூர்து மாதாவுக்குக் கெபி கட்டுவதாக நேர்ந்துகொண்டார். சிமெண்ட் பர்மிட்டுக்கு அலைகிற காலம் அது. அவர் எப்படியோ மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். குகை மாதிரி கல் அடுக்கியாகிவிட்டது. மேலே மாதா, கீழே முழங்காலிட்ட பெர்னதெத். அந்தக் கதை உனக்குத் தெரியும்தானே? வீட்டில் அடுப்பெரிக்க விறகில்லாமல் சுள்ளி பொறுக்கப் போன ஏழைப் பெண். அவளுக்குத்தான் மாதா காட்சி கொடுத்தாள், ஊர்ப் பெரிய மனுஷர் யாருக்கும் இல்லை. சாமியார் எனக்கு மாதிரிக்கென்று ஒரு சின்னப் படம் கொடுத்தார், செபப் புத்தகத்தில் வைக்கிற படம். அதில் எல்லாம் முன்பக்கம்தான் இருக்கிறது. முகம் இருக்கிறது, கைகூப்பு இருக்கிறது, முக்காடு இருக்கிறது. ஆனால் கெபியில் ஜனங்கள் நிற்பது அவளுக்குப் பின்னால். அவர்கள் கண்ணில் முதலில் படுவது முழங்காலிட்டவளின் உள்ளங்கால். படத்தில் உள்ளங்காலே இல்லை. நான் என்ன செய்வேன்?

மத்தியானம் உன் அம்மா கஞ்சித் தூக்கோடு வந்தாள். களை எடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள், நீ இடுப்பில். "ஆரோக்கியம், கொஞ்சம் இப்புடி முட்டி போடேன்" என்றேன். "எதுக்கு, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள். சொன்னதும் ஒரே சிரிப்பு. "நடவுக்காரி காலயா போயி மாதா முன்னாடி வைக்கப்போறீங்க? வேற நல்ல காலே கெடைக்கலயா ஊருல?" என்றாள். நான் வேலை செய்த கொட்டகையில் சுவரைப் பார்த்து முட்டி போட்டாள். நீ மடியிலிருந்து இறங்கி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாய். நான் பின்னால் உட்கார்ந்து அந்தக் காலைப் பார்த்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம், அன்றுதான் பார்க்கிறேன் என்றால் நம்புவாயா? விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டிருந்தாள், அதன் கறை. குதிகாலில் வாய்க்கால் வாய்க்காலாய் வெடிப்பு. வலது கட்டைவிரல் நகம் பாதி இல்லை. "வலிக்கலயா?" என்று கேட்டேன். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றாள். தம்பி, கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிறவனுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. ஜெசிந்தா வேலைக்குப் போய் வருகிற பெண். அவள் காலை மூன்று வருஷம் கழித்துப் பார்க்காதே.

மூன்று நாள் அவள் வந்து முட்டி போட்டாள். நான் ஒரு வெடிப்பு விடாமல் போட்டேன். நான் செய்ததிலேயே அந்த இரண்டு உள்ளங்கால்தான் உயிரோடு இருந்தன. மாதா மூக்கில் கோட்டை விட்டவன் காலில் பிழைத்துவிட்டேன். உன் அம்மா வந்து குனிந்து பார்த்தாள். தன் காலைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி சிலையைப் பார்த்தாள். "அய்ய, அப்புடியேல்ல இருக்கு" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அப்புறம் தை பிறந்தது, சம்பா அறுப்பு. அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் கூலித் தகராறு. ஆட்சி மாறி நம்ம ஆட்கள் வந்துவிட்டார்கள், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று பேச்சு ஒரு பக்கம். வரப்பில் செங்கொடி ஒரு பக்கம். நம் தெருவில் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள், மிராசுதார் முடியாது என்றார், யாரும் அறுப்புக்கு இறங்கவில்லை. அவர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். பெண்களெல்லாம் போய் வரப்பை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். உன் அம்மா உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம்தான் விட்டார்கள். தெருவே வேலைக்குப் போகாதபோது நான் ஒருவன் மட்டும் அவருடைய சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தேன். மாதா வேலைதானே, நிலத்து வேலை இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெருவில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

இரண்டு நாள் கழித்து மிராசுதார் கெபியைப் பார்க்க வந்தார். கூடவே அவருடைய காரியக்காரரும் சாமியாரும். மாதாவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கீழே பார்த்தார்.

"என்னடா இது, காலா இது? யாரு காலுடா?"

நான் வாயைத் திறக்குமுன் காரியக்காரர் சொல்லிவிட்டார், "இவன் பொண்டாட்டி காலுங்க. மூணு நாளா இங்கதான் வந்து முட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு."

"வரப்புல வந்து குந்துன காலு மாதா முன்னாடியும் வந்து குந்திருச்சா?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. "வெள்ளக்காரப் பொண்ணுடா அது. வெறுங்காலோடயா இருப்பா? ஷூ போட்டு மூடு. திருநாளுக்குள்ள மூடல, நீ குடியிருக்கியே என் மனக்கட்டு, அத காலி பண்ணிட்டு வேற எடம் பாத்துக்க."

நான் சாமியாரைப் பார்த்தேன். "திருநாள் நெருங்கிருச்சு. சமாதானமா முடிப்பா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் அந்த மிராசுதாரை வைத்துத்தான் கோயில் கூரை மாற்ற வேண்டியிருந்தது.

நமக்கென்று அப்போது ஒரு குழி மண் கிடையாது. குடிசை அவர் மனையில். கையில் பால்குடிப் பிள்ளை நீ. எங்கே போவது? இதையெல்லாம் சொன்னால் நீ, "வேற என்னப்பா பண்ணியிருக்க முடியும்?" என்பாய். அப்படிச் சொல்லாதே. நானே எனக்கு அதை ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, ஒரு தடவைகூட ஒட்டவில்லை. ஒரு வார்த்தை வீட்டில் போய்க் கேட்டிருக்கலாம். "ஆரோக்கியம், இப்படிச் சொல்றார், என்ன செய்யலாம்?" என்று. கால் அவளுடையது. அவள் மூடச் சொல்லியிருந்தால் மூடியிருக்கலாம். போங்கடா நீங்களும் உங்க மனையும் என்று சொல்லியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கே சிமெண்டைக் குழைத்து இரண்டு காலுக்கும் ஷூ போட்டேன். காலுக்கு மேல் பூசினால் கால் பெருக்கத்தானே செய்யும்? உரல் மாதிரி ஆகிவிட்டது. கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

தை முடிவில் மாதா திருநாள். கெபியைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் பூசை. நம் தெருப் பெண்கள் வழக்கம்போலக் கடைசியில். எழுந்து முட்டி போடுகிற நேரம் உன் அம்மா எட்டிப் பார்த்தாள். ஷூவைப் பார்த்துவிட்டாள். அதோடு விட்டதா? பிரசங்கம் வைக்க வந்த வெளியூர்ச் சாமியார், நடந்தது எதுவும் தெரியாமல், காட்சி கொடுத்த கதையை விஸ்தாரமாகச் சொன்னார். சுள்ளி பொறுக்கப் போன பெண் வாய்க்காலைத் தாண்டுவதற்காகக் கால்ஜோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாளாம், அந்த நேரத்தில்தான் மாதா தெரிந்தாளாம். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கமிருந்து அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் ஒன்றே ஒன்று சொன்னாள். "நல்ல வேளை, என் மூஞ்சிய வச்சுச் செய்யல. அதுக்கு மேலயும் ஏதாச்சும் பூசியிருப்பீங்க." அதற்கப்புறம் பதினோரு நாள் பேச்சு இல்லை. சோறு வைப்பாள், குழம்பு ஊற்றுவாள், பேச மாட்டாள். பெண்டாட்டி சண்டை போட்டால் பயப்படாதே தம்பி. பேசாமல் சோறு வைத்தால் பயப்படு.

பன்னிரண்டாம் நாள் திருபுவனத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். நெசவுக்காரக் குடும்பம், நெற்றி நிறைய விபூதி, ஒரு கால் ஆனைக்கால். ஊரில் சொன்ன கேலி அவள் காதுக்கு வேறு மாதிரிப் போயிருக்கிறது. நேராகப் பெர்னதெத்திடம் போய், அந்தப் பெருத்த காலில் எண்ணெய் ஊற்றித் தடவி, "ஒனக்கும் இந்த நோவுதானா தாயி? அவகிட்ட நமக்கும் சேத்துக் கேளு" என்று மாதாவைக் காட்டி அழுதாள். உன் அம்மா கெபி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் இதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "நீங்க பண்ணுன கூத்துக்கு ஒரு பக்தி வேற கெளம்பிருச்சு" என்று சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. அதற்கப்புறம் கும்பகோணம், திருவிடைமருதூர் என்று எங்கிருந்தெல்லாமோ ஆனைக்கால்காரர்கள் சனிக்கிழமை தோறும் வந்தார்கள். அவர்கள் காலைத் தொட அருவருக்கிற ஜனங்களுக்கு மத்தியில், அவர்கள் தொட ஒரு கால் கிடைத்தது. உன் அம்மா அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள், எண்ணெய் வழிந்த இடத்தைத் துடைப்பாள்.

கொஞ்ச காலத்தில் சர்க்கார் சட்டம் போட்டு, குடியிருக்கிற மனையைக் குடியிருக்கிறவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்தது. தாசில்தார் ஆபீசிலிருந்து காகிதம் வந்த அன்று உன் அம்மா அதை மாதா படத்துக்கடியில் வைத்துவிட்டுக் கேட்டாள், "இப்பத்தான் யாரும் நம்மள கெளப்ப முடியாதே. அந்த ஷூவ எடுத்துறலாமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நோவுக்காரங்க வர்றாங்களே, அவங்க நம்பிக்கைய ஒடைக்கலாமா?" என்றேன். எவ்வளவு அழகான பதில் பார். உண்மை என்னவென்றால், மிராசுதார் இன்னமும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், எனக்கு இன்னமும் அவரைக் கண்டால் தோளிலிருந்து துண்டு தானாக இறங்கியது. நோயாளிகளின் பக்தியை எடுத்து என் பயத்துக்குப் போர்த்திக்கொண்டேன். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மிராசுதாரும் போய்ச் சேர்ந்தார், அவர் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு மெட்ராசுக்குப் போய்விட்டார்கள், அப்போதும் நான் எடுக்கவில்லை. வெட்கம் பழகிவிட்டால் வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது, இருக்கிற இடமே தெரியாது.

அவள் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி வாரம், நீ மருந்து வாங்க வெளியே போயிருந்தாய். காலைப் பிடித்துவிடச் சொன்னாள். பிடித்துவிட்டேன். வயலுக்குப் போவதை விட்டு எத்தனையோ வருஷம், ஆனாலும் அந்த வெடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "ஒண்ணு கேட்டா செய்வீங்களா?" என்றாள். "ரெண்டு காலும் வேணாம். அவுங்க எங்க போவாங்க பாவம். ஒத்தக் கால மட்டும் எனக்குத் தொறந்து விடுங்க. வலது கால. எடது அவுங்களுக்கு இருக்கட்டும்." சரி என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கொத்துக் கரணையை எடுத்துக்கொண்டு நாலு தடவை கெபி வரைக்கும் போய்த் திரும்பினேன். கை நடுங்குகிறது, தவறி மேலே பட்டு அந்தக் காலே உடைந்துவிட்டால்? இதுவும் சாக்குதானோ என்னவோ, எனக்கே இப்போது தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். மாதாவை மாற்றிக்கொள், அந்த மூக்குக்கு விடிவு காலம் வரட்டும், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பெண்ணைத் தொடாதே. நீ இடிக்கச் சொல்லியிருப்பது யாரை என்று தெரியாமல் சொல்லிவிட்டாய், உனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்தது என் தப்பு. கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடி வா. வரும்போது உளி, சுத்தியல் எதுவும் வேண்டாம். நீ இன்ஜினியர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய சிமெண்ட் மேல் புதுசு பூசுவதானால் முதலில் பழையதை நன்றாகக் கொத்திவிட வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். ஷூ போட்ட அன்றைக்கு உளியை எடுத்து அவள் குதிகாலில் வைத்தேன் தம்பி. வைக்கத்தான் முடிந்தது. சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு காலிலும் பதனமாகச் சுற்றி, அதற்கு மேல்தான் ஷூவைப் பூசினேன். நீ தட்டிப் பார்த்துக் கேலி செய்தாயே, டொக்கு டொக்கென்று, அது அந்தச் சத்தம். பூச்சு பிடிக்கவில்லை. பிடிக்கக்கூடாது என்றுதான் போட்டேன்.

வலது குதிகாலுக்கு மேலே கரணைப் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஓடு மாதிரி கழன்று வந்துவிடும். உள்ளே காகிதம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடு. நான் பக்கத்தில் நிற்கிறேன். மாமியாரை ஒரு தடவைகூடப் பார்க்காமல் போய்விட்டேனே என்று ஜெசிந்தா வருத்தப்படுகிறாள், காட்டுவதற்கு நல்ல போட்டோகூட இல்லை, ஓட்டு அட்டைப் படத்திலும் அம்மா கண்ணை மூடியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே. பூசை முடிந்து மாலையோடு இரண்டு பேரும் கெபிக்கு வருவீர்கள். அப்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, குனியச் சொல்லி, இதுதான் எங்க அம்மா கால் என்று காட்டு.

அப்பா